ஹெர்மீஸ் வகையில் பங்காளி

காரைக்குடி,
ஞாயிறு காலை.

அன்பு மச்சான் உதயகுமார் அவர்களுக்கு,

வீரையா எழுதிக்கொள்வது. நானும் உங்கள் அக்கா ஈஸ்வரியும் மகள் சுபாவும் சுகம். அங்கு தங்கச்சியும் பிள்ளைகளும் சுகமாயிருக்க வேண்டும். போனில் சொன்னால் பாதியில் வைத்துவிடுவீர்கள் என்பதால் கடிதம்.

சுபா வேலைபார்க்கும் கானாடுகாத்தான் ஹோட்டலில் போன வாரம் ஊழியர் குடும்பத்தாருக்கும் சேர்த்து ஒரு வகுப்பு நடத்தினார்கள். சென்னையிலிருந்து வந்த அம்மையார் முப்பது கேள்வி கொண்ட தாளைக் கொடுத்து, ஒவ்வொரு மனிதருக்குள்ளும் ஒரு கிரேக்க சாமியின் குணம் இருக்கிறது, பதிலைக் கூட்டினால் எந்தச் சாமி என்று தெரிந்துவிடும் என்றார். எனக்கு சியூஸ் வந்தது மச்சான். சாமிகளுக்கெல்லாம் தலைவர், கையில் இடி. முப்பத்தைந்து வருடம் சிவகங்கை ஆபீசில் கூடவே இருந்தும் ஒருத்தரும் இதைக் கண்டுபிடிக்கவில்லையே என்று கண் கலங்கிவிட்டது. தாளை நாற்பது பிரதி எடுத்துவந்து தெருவையே எழுத வைத்தேன். எதிர்வீட்டு சகாய ஆண்டனி சார் கடலுக்கும் கோபத்துக்கும் உரிய பொசைடன். இனி தண்ணீர் மோட்டாருக்காக அவர் கத்தினால் வருத்தப்பட மாட்டேன், அவர் சாமி அப்படி. உங்கள் அக்காவுக்கு அடுப்பையும் வீட்டையும் காக்கும் ஹெஸ்டியா. நான் சியூஸ் என்றதற்கு, "இடி மட்டுந்தேன் கேக்குது, மழையக் காணோம்" என்று தோசையைத் திருப்பப் போய்விட்டாள்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். நீங்கள் பார்த்துக்கொடுத்த நாச்சியாபுரத்து மாப்பிள்ளை முத்துக்கண்ணன் நேற்று கல்யாணப் பத்திரிகை வாசகம் பார்க்க வந்தார். அவரையும் எழுத வைத்தேன். ஓடிக்கொண்டே இருக்கும், பேசியே காரியத்தை முடிக்கும் ஹெர்மீஸ் வந்தது. மருந்துக் கம்பெனி விற்பனை வேலைக்குச் சரியான சாமி என்று சந்தோஷப்பட்டு, சுபாவின் தாளை எடுத்துக் கூட்டினால் அவளுக்கும் ஹெர்மீஸ். எனக்கு வேர்த்துவிட்டது. ஒரே குலசாமியைக் கும்பிடுகிறவர்கள் பங்காளிகள், அண்ணன் தங்கை முறை. நாம் பெண் கொடுப்பதில்லை. உள்ளூர்ச் சாமிக்கு ஒரு முறை, கடல்தாண்டிய சாமிக்கு வேறு முறையா? மாப்பிள்ளை, "மாமா, எங்க குலசாமி கருப்பரு, உங்களுக்கு அய்யனாரு. இதெல்லாம் முதல்லயே கேட்டுக்கிட்டீகளே" என்று பேசியே முடிக்கப் பார்த்தார், ஹெர்மீஸ் அல்லவா. சுபாவோ, "நான் இவரத்தேன் கட்டிக்குவேன், நீங்க எந்தச் சாமிய வேணும்னாலும் கூட்டியாங்கப்பா" என்று கதவைச் சாத்திக்கொண்டாள். ஆகவே தாங்கள் உடனே நாச்சியாபுரம் போய், முறை தவறிய சம்பந்தம் என்று பக்குவமாகச் சொல்லிக் கல்யாணத்தை நிறுத்தவும். நல்லவேளை முன்கூட்டியே கண்டுபிடித்தேன் என்ற சந்தோஷம் எனக்குத் தாங்கவில்லை.

தங்கச்சிக்கு என் அன்பு, பிள்ளைகளுக்கு ஆசி. எழுதாத கேள்வித் தாள் ஐந்து இத்துடன் வைத்திருக்கிறேன், பென்சிலால் எழுதி அனுப்பவும்.

இப்படிக்கு,
வீரையா,
சியூஸ் வகை.

பி.கு.: கவரை ஒட்டுவதற்குள் உங்கள் அக்கா வாங்கிப் படித்துவிட்டாள். ஒரு தாளில் என் பெயரைப் போட்டு அவளே பதில் எழுதினாள். முப்பதும் உண்மை. கூட்டினால் வீட்டைவிட்டு நகராத ஹெஸ்டியா. "இப்ப நீங்களும் நானும் பங்காளியா? அப்ப நான் எந்தம்பி வீட்டுக்குக் கெளம்புறேன்" என்றாள். பிறகு பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "பொண்ண அனுப்ப மனசு வரலைன்னா அழுதுட்டுப் போங்க. சாமி மேல எதுக்குப் பழியப் போடுறீக" என்றாள். அழுதுவிட்டேன் மச்சான். மேலே கண்ட அத்தனையும் ரத்து. பத்திரிகை உச்சியில் அய்யனார் துணை என்றே போடச் சொல்லியாயிற்று. கல்யாணம் முடிந்து ஒரு வாரமாவது தங்கிப் போகிறமாதிரி வாருங்கள். சுபா போனபிறகு இந்த வீட்டில் இரண்டு ஹெஸ்டியாக்கள் மட்டும்தான் இருக்கப்போகிறோம்.