நேர்ல பாத்தேன், அஞ்சு ஸ்டார்!

கதவைத் திறந்தா, தோள்ல ஏணி, கைல பக்கெட்டோட ஒருத்தர் நிக்கிறாரு. ஞாயித்துக்கிழமை, காலைல ஒன்பது மணி. நம்ம ஆளுக்கு வாயெல்லாம் பல்லு.

"வாங்க வாங்க! உங்களத்தான் எதிர்பாத்துட்டு இருக்கேன்!"

"நானும் உங்கள நம்பித்தான் சார் வந்திருக்கேன்."

"ஏணிய இப்படிச் சாய்ச்சு வைங்க. ஹால் ஃபேன்ல இருந்து ஆரம்பிச்சிடலாம்."

"அதேதான் சார். ஹால் ஃபேன்தான் ரொம்ப மோசம். மூணு வருஷமா யாரும் தொடல."

"அட! மூணு வருஷம்னு கரெக்டா சொல்றீங்களே! பாத்த உடனே தெரிஞ்சிடுமா?"

"எங்க வீட்டு ஃபேன் எனக்குத் தெரியாதா சார்?"

"உங்க வீட்டு ஃபேனா? அது எனக்கு எதுக்குங்க?"

"அப்புறம்? நீங்கதானே துடைக்க வரப்போறீங்க?"

"நானா? நீங்கதானே துடைக்க வந்திருக்கீங்க?"

"நான் கூப்பிட வந்தேன் சார்."

"யாரை?"

"உங்களை."

"எதுக்கு?"

"ஃபேனுக்கு!"

ரெண்டு பேரும் ஒருத்தர ஒருத்தர் பாத்தாங்க. அப்புறம் சேந்து ஏணியப் பாத்தாங்க. ஏணிக்கும் ஒண்ணும் புரியல.

இங்க கொஞ்சம் பின்னாடி போகணும். நம்ம ஆளு இன்சூரன்ஸ் ஆபீஸ்ல கிளார்க். தெருவுல அவர யாரும் பேர் சொல்லிக் கூப்பிடறதில்ல, 'அஞ்சு ஸ்டார்'னுதான் கூப்பிடுவாங்க. ஃபோன்ல மேப்பைத் திறந்து இந்த ஏரியாவுல எந்தக் கடையத் தொட்டாலும் கீழ இவரோட ரிவ்யூ இருக்கும். எல்லாமே அஞ்சு ஸ்டார். சும்மா ஒண்ணும் இல்ல, ஓசில ஏதாவது வந்தாத்தான் விரல் அசையும். சலூன்ல ஒரு ஓசி ஷேவிங், உடனே 'முடிவெட்டுக்குன்னே பொறந்த கை!' பல் டாக்டர் ஒரு டூத் பிரஷ் குடுத்தாரு, 'ஏழு பல்லு புடுங்கினாங்க, ஒண்ணுகூட வலிக்கல!' முப்பத்திரெண்டும் இன்னும் இவர் வாயிலயேதான் இருக்கு. பிரசவ ஆஸ்பத்திரில ஒரு சுவர்க் கடிகாரம் குடுத்தாங்க. என்ன எழுதறதுன்னு தெரியாம, 'எனக்கு இங்கதான் சுகப்பிரசவம் ஆச்சு'ன்னு போட்டுட்டு வந்துட்டாரு.

கடிகாரம் நல்லாத்தான் ஓடுது.

போன மாசம் வீட்டம்மா, தம்பி கல்யாணத்துக்குன்னு ஆசையா துணி எடுத்து, இவர் அஞ்சு ஸ்டார் குடுத்த டெய்லர்கிட்டயே சுடிதார் தைக்கக் குடுத்தாங்க. போட்டுப் பாத்தா, ஒரு கை முழங்கையோட நின்னுடுச்சு. இன்னொரு கை விரலத் தாண்டி ஊஞ்சல் ஆடுது.

"ஏங்க, அந்த டெய்லர்கிட்ட நீங்க என்ன தைச்சீங்க?"

"நான் எங்க தைச்சேன்? பேன்ட்டுக்கு ஓசியா ஒரு ஹூக் வச்சுக் குடுத்தாரு."

"பாக்காமலேயா 'தையல்னா இது தையல்'னு எழுதினீங்க?"

"பாத்திருந்தா எப்படிம்மா எழுத முடியும்?"

வீட்டம்மா ஒண்ணும் சொல்லல. கல்யாணம் பூரா அந்த நீளக் கைய முதுகுக்குப் பின்னாடியே வச்சுக்கிட்டு நின்னாங்க. ஆல்பத்துல பாத்தா மொய்க் கவரத் திருடி ஒளிச்சு வச்சிருக்கறவங்க மாதிரியே இருக்காங்க. அப்பவும் ஒண்ணும் சொல்லல. அங்கதான் இவரு உஷாராகி இருக்கணும்! பொண்டாட்டி சண்டை போட்டா தூங்கலாங்க. ஒண்ணும் சொல்லலேன்னாத்தான் முழிச்சுக்கணும்.

(இருங்க, கதை சொல்லிக்கிட்டே ஆபீஸ் வந்துட்டேன், லிஃப்ட் வந்துடுச்சு. ஆங், ஏறியாச்சு.)

ரெண்டு வாரம் கழிச்சு இவருக்கு ஒரு மெசேஜ். 'கைராசி ஹோம் சர்வீஸ். ஃபேன், பரண், கிச்சன் சுத்தம் செய்யப்படும். ஒரு நல்ல ரிவ்யூ போட்டால் உங்கள் வீட்டுக்கு ஒரு நாள் முழு சுத்தம் இலவசம். ஞாயிறு அன்று ஆள் வருவார்.'

பழம் நழுவிப் பால்ல விழுந்துச்சு! ஏன்னா, மூணு வருஷமா வீட்டம்மா 'ஃபேனத் துடைங்க, ஃபேனத் துடைங்க'ன்னு சொல்றாங்க. இவரு 'உயரம்னா எனக்குத் தலை சுத்தும்மா'ன்னு சொல்லியே மூணு வருஷத்த ஓட்டிட்டாரு. அதோட, இது இவரோட நூறாவது ரிவ்யூ. நூறு ஆச்சுன்னா கோல்டு பேட்ஜ். தெரு முக்குல புதுசா கட்டின ஏழு மாடி ஹோட்டல்ல, அதே ஞாயித்துக்கிழமை சாயங்காலம் ஏழு மணிக்கு மொட்டை மாடில திறப்பு விருந்து. கோல்டு பேட்ஜக் காமிச்சா ரெண்டு பேருக்கு அனுமதி. வாட்ச்மேன்ல இருந்து மேனேஜர் வரைக்கும் ஆபீஸ் பூரா தம்பட்டம் அடிச்சாச்சு. மேனேஜர் 'அங்க இருந்து ஃபோட்டோ அனுப்புய்யா'ன்னு வேற சொல்லிட்டாரு. போகலேன்னா திங்கக்கிழமை ஆபீஸ்ல தலை காட்ட முடியாது.

பஸ்ல தொங்கிக்கிட்டே மூணு நிமிஷத்துல எழுதி முடிச்சாரு. அட்ரஸப் பாக்கல. ஃபோட்டோவ சரியாப் பாக்கல. யாரோ ஸ்டூல்ல ஏறி நிக்கிற முதுகு, அவ்வளவுதான். பேட்ஜ் வந்துடுச்சு.

"பாரும்மா, இந்த ஞாயித்துக்கிழமை நான் சுண்டு விரல அசைக்க மாட்டேன். வீடு தானா பளபளன்னு ஆகும்!"

"அப்படியாங்க?"ன்னாங்க வீட்டம்மா.

அந்த ஞாயித்துக்கிழமைதான் இது. வாசல்ல நின்ன ஏணிக்காரர், பக்கத்துத் தெருவுல டிரைவிங் ஸ்கூல் நடத்தற மாஸ்டர். ஃபோன எடுத்து நீட்டினாரு.

"கைராசி ஹோம் சர்வீஸ், இதே வீடு, இதே கதவு. 'எங்களிடம் ஏணி கிடையாது. ஏணியோடு வந்து ஆளைக் கூட்டிப் போகவும். இன்று மட்டும் இலவசம்.' நீங்கதானே சார்?"

"நான் இல்லீங்க!"

"கொஞ்சம் திரும்புங்க."

திரும்பினாரு. மாஸ்டர் ஃபோட்டோவப் பாத்தாரு, முதுகப் பாத்தாரு. அதே கோடு போட்ட பனியன், அதே தோள்பட்டை ஓட்டை.

"நீங்கதான்."

தன் முதுகு தனக்குத் தெரியாதுன்னு சும்மாவா சொன்னாங்க?

மாஸ்டர் ரிவ்யூவ சத்தமா படிக்க ஆரம்பிச்சாரு. "'இவர் மனுஷன் இல்ல, புயல். ஏணில கால் வச்சா தூசி தானா இறங்கி ஓடிடும். துடைச்ச ஃபேன்ல முகம் பாத்துத் தலை சீவலாம். பரண்ல ஒளிஞ்சிருக்கற ஒட்டடையக்கூட பேர் சொல்லிக் கூப்பிடுவார். ஒண்ணு கேட்டா நாலு செய்வார். முகம் சுளிக்கவே மாட்டார். நேர்ல பாத்தேன், அஞ்சு ஸ்டார்!'"

"ஏம்மா! இங்க கொஞ்சம் வா!"

வீட்டம்மா கையத் துடைச்சுக்கிட்டே வந்தாங்க.

"அது நான் இல்லன்னு இவர்கிட்ட சொல்லும்மா."

"எழுதினது நீங்கதானே?"

"எழுதினது நான்தான். ஆனா அதுல இருக்கறது நான் இல்ல."

"முதுகு?"

"முதுகு என்னுதுதான். ஆனா ஆள் நான் இல்ல."

"முதுக மட்டும் கழட்டிக் குடுத்தீங்களா? சரி, 'நேர்ல பாத்தேன்'னு போட்டிருக்கீங்களே?"

"பாக்கல!"

மாஸ்டர் மூஞ்சி மாறிடுச்சு. "அப்போ பொய் ரிவ்யூவா சார்? கீழ 'புகார்'னு ஒரு பட்டன் இருக்கு. அமுத்தினா அக்கவுண்ட்டையே மூடிடுவாங்களாம். அமுத்தவா?"

கட்டை விரல் பட்டன்கிட்ட வந்துடுச்சு. பேட்ஜ் போச்சு, விருந்து போச்சு, மேனேஜர் முகம் தெரிஞ்சுது. கண்ணு முன்னாடி ஏழு மாடியும் ஒவ்வொண்ணா இடிஞ்சு விழுந்துச்சு.

"அய்யய்யோ, வேண்டாம் சார்! பாத்தேன்! நேர்லதான் பாத்தேன்... கண்ணாடில!"

அப்படி ஏணியோட ஒரு முனைய மாஸ்டர் பிடிக்க, மறு முனைய இவர் பிடிக்க, பக்கத்துத் தெருவுக்கு ஊர்வலம் கெளம்புச்சு. வழியெல்லாம் மண்டை குடைச்சல். யார் பாத்த வேலை இது? பல் டாக்டரா? அவர்கிட்டதான் நான் பல்லையே காட்டலியே! டெய்லரா? சேச்சே, இவ்வளவு அளவா வேலை பண்ண அவருக்கு வராது.

மாஸ்டர் வீட்டுல அவரோட சம்சாரம் சோஃபால சாஞ்சு உக்காந்து, "வாங்க தம்பி"ன்னு அப்படி ஒரு சிரிப்பு சிரிச்சாங்க. இவரு ஏணில ஏறினாரு. கீழ மாஸ்டருக்குத் தொழில் புத்தி.

"மெதுவா, மெதுவா. ரைட்ல ஒடிங்க. இன்னும் ஒடிங்க. அப்படியே நிறுத்துங்க!"

தூசி மூக்குல ஏறி, இவரு 'அச்ச்ச்!'னு ஒரு தும்மல்.

"ஹாரன் அடிக்காதீங்க சார், பக்கத்து வீட்டுல குழந்தை தூங்குது."

"இறங்கட்டுமா?"

"பின்னாடி பாத்துட்டு ரிவர்ஸ்ல வாங்க."

இறங்கினா, அந்தக்கா ஃபோனத் தூக்கிட்டாங்க. "'ஒண்ணு கேட்டா நாலு'ன்னு போட்டிருக்கே தம்பி? இன்னும் மூணு ஃபேன் இருக்கு." மூணும் ஆச்சு. "ஒட்டடையப் பேர் சொல்லிக் கூப்பிடுவீங்களாமே? எங்க பரணையும் ஒரு வார்த்தை கூப்பிட்டுடுங்க." கூப்பிட்டாரு. பரண்ல இருந்து ஒட்டடை மட்டும் இல்ல, ஒரு பழைய தலகாணி, உடைஞ்ச ஹெல்மெட், ரெண்டு பல்லி எல்லாம் வந்துச்சு. முகம் சுளிக்கப் போனாரு. "ஆங்! 'சுளிக்கவே மாட்டார்'!"ன்னு அக்கா விரல ஆட்டினாங்க.

தான் எழுதின ஒவ்வொரு வரிக்கும் தானே குனிஞ்சாரு, நிமிந்தாரு. சாயங்காலம் அஞ்சரைக்குக் குனிஞ்சவரு நிமிரல. இடுப்பு பூட்டிக்கிச்சு. தொண்ணூறு டிகிரில அப்படியே நின்னுட்டாரு.

மாஸ்டர் அங்கயே ஒரு ரிவ்யூ போட்டுக் காமிச்சாரு. 'எழுதினது எல்லாம் உண்மை. அஞ்சு ஸ்டார்.' அஞ்சு ஸ்டார் குடுத்தே பழக்கப்பட்டவரு, வாங்கினது இதுதான் முதல் தடவை. கண்ணு கலங்கிடுச்சுங்க! குனிஞ்சு இருந்ததால கண்ணீர் நேரா தரைல விழுந்துச்சு. அதையும் துடைச்சுட்டு வந்தாரு.

ஆறரை மணி. ஏணிய எடுத்துட்டுப் போகச் சொல்லி மாஸ்டர் சம்சாரம் இவர் கைலயே குடுத்து விட்டிருந்தாங்க. எதுக்குன்னு கேக்கக்கூட தெம்பு இல்ல. குனிஞ்சபடியே ஏணிய இழுத்துட்டு வீட்டுக்குள்ள வந்தா, எதிர்ல புது செருப்பு போட்ட ரெண்டு காலு. வீட்டம்மா.

"கெளம்பிட்டியாம்மா? இதோ, ரெண்டு நிமிஷம், குளிச்சுட்டு வந்துடறேன்."

"முதல்ல நிமிருங்க."

"முடியல."

"அப்போ மொட்டை மாடில போய் என்னத்தப் பாக்கப் போறீங்க? எல்லாரோட செருப்பையுமா? ஃபோனக் குடுங்க. பேட்ஜ் அதுலதானே இருக்கு?"

ஃபோன வாங்க ஒரு கை நீண்டுச்சு. விரலத் தாண்டி சுடிதார் கை ஊஞ்சல் ஆடுச்சு. அந்தச் சுடிதார். அந்தக் கை.

அதே நேரம் வாசல்ல, "என்ன, கெளம்பலாமா?"ன்னு ஒரு குரல். மாஸ்டர் சம்சாரம்!

"ஏம்மா... இந்தக்காவ உனக்குத் தெரியுமா?"

"தினமும் ரெண்டு பேரும் சேந்துதானே வாக்கிங் போறோம்."

"அப்போ அந்தக் கைராசி... அந்த ஃபோட்டோ..."

"பரண்ல ஒளிச்சு வச்ச பிஸ்கட் டின்னை எடுக்க ஸ்டூல்ல ஏறினீங்களே, அன்னிக்கு எடுத்தது. அன்னிக்குத் தலை சுத்தவே இல்லீங்க உங்களுக்கு."

"மேனேஜர் ஃபோட்டோ கேட்டாரே!"

"விருந்தோட ஃபோட்டோதானே கேட்டாரு? அனுப்பிடறேன்."

இவருக்கு எல்லாம் போச்சு. ஒரே ஒரு நப்பாசை மட்டும் மிச்சம்.

"சரி... ரிவ்யூவுக்கு நம்ம வீட்ட ஓசில சுத்தம் பண்ண ஆள் வரும்னு மெசேஜ்ல போட்டிருந்தியே, அது?"

"அதான் வந்துட்டீங்களே!"ன்னாங்க வீட்டம்மா. "நல்லவேளை, குனிஞ்சே வந்திருக்கீங்க. கட்டிலுக்கு அடில இருந்து ஆரம்பிங்க. நிமிந்ததும் ஃபேன். ஏணிய நாளைக்குக் குடுத்தாப் போதும்."

கதவு சாத்திக்கிச்சு. கட்டிலுக்கு அடில பிஸ்கட் டின் இருந்துச்சு, காலியா.

நீங்களும் பஸ்ல தொங்கிக்கிட்டே யாருக்கோ அஞ்சு ஸ்டார் போடறவங்களா? அப்போ மேப்ல உங்க வீட்டப் பெருசாக்கி, அங்க ஏதாவது கடை முளைச்சிருக்கான்னு பாத்துட்டு வந்து சொல்லுங்களேன், உங்களுக்கும் இது நடந்திருக்கா?