தூங்குமூஞ்சி நிழல் கொண்ட படலம்

இரட்டைமாடிப் பேருந்துகளை இத்தீவின் வளைவெல்லாம் வளைத்தோட்டி, ஒருநாளும் ஒரு கண்ணாடியும் உரசாமல் ஓய்வுபெற்ற உருளிவேந்தே! அரைக்கால்சட்டையைக் கவசமாகவும் ரப்பர்ச் செருப்பை வீரக்கழலாகவும் பூண்ட குவெக் டெக் சூன் பெருமானே, வாழ்க! உன் வெற்றியைப் பாட அமர்ந்துவிட்டேன். காப்பி ஆறுவதற்குள் முடித்துவிடுகிறேன்.

எங்கள் பேட்டைப் பூங்காவைப் புதுப்பிக்கத் திருவுளங்கொண்ட அதிகாரிகள், எங்கள் அடுக்குமாடிப் புளோக்கின் கீழ்த்தளத்தில் மேசையிட்டு, பூங்காவின் சிற்றுருவை அதன்மேல் பரப்பி, "குடிமக்காள்! ஊஞ்சலோ பெஞ்சோ ஆடுகளமோ, விரும்பும் அட்டையை வரிசையில் நின்று பெற்று, விரும்பும் இடத்தில் வைப்பீர்! ஓரிடத்துக்கு ஓர் அட்டையே!" என்று முரசறைந்தனர். மரங்கள் பல இருந்தும், உச்சிவெயிலிலும் குளிர்நிழல் பொழிவது தூங்குமூஞ்சி மரம் ஒன்றுதான். அதனடியில் ஒரு பெஞ்சு வேண்டும் என்பது குவெக்கின் சபதம். முட்டிவலிக்காரியான அவர் மனைவி லாய் குவான், கீழே வந்தால் உட்கார இடமில்லை என்று மாதக்கணக்கில் வீட்டிலேயே முடங்கிக் கிடந்தார்.

பெஞ்சு அட்டைக்கான வரிசையோ அனுமன் வாலாய் நீண்டது. அதில் போய் நின்றால் இடம் பறிபோகுமே என்று அஞ்சிய நம் வீரர், உணவங்காடியில் டிஷ்யூ பொட்டலத்தை வைத்துவிட்டுப் போய் நாமெல்லாம் நாற்காலி பிடிக்கும் அந்தச் சீரிய அறநெறிப்படியே, சட்டைப்பையிலிருந்து தம் பொட்டலத்தை உருவி, சிற்றுருவில் விரலளவு உயர்ந்த தூங்குமூஞ்சியின் அடியில் நாட்டிவிட்டு, வரிசையில் போய் நின்றார். பாதிப் பூங்கா அதன்கீழ் மறைந்துபோனது.

அப்போது, காலைதோறும் ஒலிபெருக்கி அதிர மகளிர் சேனையை ஆட்டுவிக்கும் நடனத் தளபதி மஸ்னா, ஆடுகள அட்டையை வாளென ஏந்தி, அதே நிழலை நோக்கி வந்தார்.

"யாரு வச்சது இது?"

"நான்தான். இடம் புடிச்சாச்சு!" வரிசையிலிருந்து முழங்கினார் குவெக்.

"இது என்ன அங்கிள், சாப்பாட்டுக் கடையா?"

"எங்க வச்சாலும் டிஷ்யூ டிஷ்யூதான் அக்கா!"

பூங்காவை வரைந்த இளம்பெண் பொட்டலத்தை நகர்த்தக் கைநீட்டினாள். கூடியிருந்தோர் அத்தனை பேரும் "ஐயோ!" என்று அலற, கையை இழுத்துக்கொண்டாள். அரசாணையை மீறுவோர் உண்டு, பிறர் வைத்த டிஷ்யூவை மீறுவார் இத்தீவில் எவருமில்லை. மஸ்னாவும் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார்.

ஆனால் வந்தோர் உண்ணப் பக்கத்தில் இட்டிருந்த விருந்துமேசையில் இருந்ததோ மஸ்னா தம் கையால் சமைத்த மீ சியாம் என்னும் காரச் சேமியா. வரிசையில் நின்றபடியே அதை வாரியுண்ட வீரரின் நாவில் மிளகாய்ச் சம்பல் தீ மூட்டியது. கண் சிவந்தது, காது சிவந்தது, மூக்கு மடையுடைந்து பெருகியது. ஓர் உறிஞ்சலால் தடுத்தார், பேருறிஞ்சலால் தடுத்தார், தோளால் துடைத்தும் பார்த்தார். முன்னே ஒரே ஒருவர் நிற்கையில், அந்தோ, ஓடிவந்து தம் பொட்டலத்தைத் தாமே எடுத்துப் பிரித்துவிட்டார்.

மஸ்னாவின் அட்டை மின்னலென விழுந்தது.

"போச்சு! இனி எம்பொண்டாட்டி எங்க உக்காருவா?" என்று அரற்றினார் குவெக்.

மஸ்னா திடுக்கிட்டார். "லாய் குவானுக்கா கேட்டீங்க? அதை மொதல்லயே சொல்லித் தொலைக்கக் கூடாதா மனுஷா! அவ கீழ எறங்கி வந்தாப் போதும், நாங்க வெயில்லயே ஆடிக்கிறோம்."

ஆடுகளம் வெட்டவெளிக்குப் பெயர்ந்தது. நிழலில் பெஞ்சு அமர்ந்தது. கீழ்த்தளம் கைதட்டலால் அதிர்ந்தது.

பூங்கா எழுந்து, திறப்புவிழாக் காலையும் புலர்ந்தது. லாய் குவான் பிராட்டி மின்தூக்கித் தேரிலிருந்து இறங்கி, கொழுநன் தோள்பற்றி நடந்து, போராடி வென்ற அந்த அரியணையில் அமர்ந்தருளி, தொலைவில் ஆடிய மகளிரைக் கழுத்தை நீட்டி நீட்டி நோக்கி, "நெழலு நல்லாத்தான் இருக்கு. ஆனா இங்கேருந்து ஆட்டம் ஒண்ணும் தெரியலையே" என்று திருவாய் மலர்ந்தார்.

குவெக் வீட்டுக்குப் போய் ஒரு மடக்கு நாற்காலியை எடுத்துவந்து ஆடுகளத்தின் ஓரமாய் வெயிலில் போட்டார்.