நோரா டீச்சருக்குப் போட்ட மாலை

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எனக்குக் கோர்வையாக எழுத வராது. ஐந்தாம் வகுப்போடு நின்றவள். நடந்ததில் பாதி மறந்துவிட்டது, மீதியை முன்பின்னாக எழுதுவேன். பள்ளி மலருக்கு நான் எழுதியே தீர வேண்டும் என்று தலைமை டீச்சர் பேப்பரும் பேனாவும் வீட்டுக்கே கொடுத்தனுப்பிவிட்டார்கள். மாட்டேன் என்று சொல்லவும் கூச்சம். அதனால் எழுதுகிறேன்.

கூச்சம் என்றால் சாதாரணக் கூச்சம் இல்லை. என் ஊர் வந்ததும் பஸ்ஸை நிறுத்தச் சொல்லக் கூச்சப்பட்டு, அடுத்த ஊரில் இறங்கித் திரும்பி நடந்து வந்தவள் நான். (ஒரு தடவை இல்லை.) கம்பத்தில் பள்ளி ஆயாவாக இருந்த காலமெல்லாம் பிள்ளைகளோடு வாய் ஓயாமல் பேசுவேன். பெரியவர்கள் வந்தால் கதவுக்குப் பின்னால் போய்விடுவேன்.

அப்படிப்பட்டவளை, வேலையை விட்டு நிற்கும் நாளில் மாலை போட்டு, கொட்டு மேளத்தோடு வீட்டில் கொண்டுபோய் விடுவது என்று டீச்சர்கள் முடிவு செய்தார்கள். ஓய்வு பெறுகிற வாத்தியார்களுக்குத்தான் அப்படிச் செய்வது வழக்கம். ஆயாம்மாவுக்கும் செய்ய வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தது நோரா டீச்சர். அயர்லாந்துக்காரப் பெண். பிள்ளைகளை இங்கிலீஷ் பேசப் பழக்க ஒரு வருசத்துக்கு வந்திருந்தது. கூட வேலை பார்க்கிறவர்கள் வீட்டுக் கல்யாணம், காதுகுத்து ஒன்றையும் விடாது. ஒவ்வொரு சடங்கையும் கேட்டுக் கேட்டுப் படித்துக்கொள்ளும். தமிழும் ஓரளவு பேசும்.

இந்த ஊர்வலத்தைப் பற்றி நான் வீட்டில் மூச்சு விடவில்லை. எனக்கு மேளம் அடிக்கப்போகிறார்கள் என்று என் வாயால் எப்படிச் சொல்வது? மகன் முருகனிடம் மட்டும், "சாயங்காலம் பள்ளிக்கு ஜீப்பைக் கொண்டா" என்றேன். ஏலத் தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போகிற ஜீப் ஓட்டுகிறவன் அவன். எத்தனையோ இடம் தட்டிப்போய், அப்போதுதான் கெங்குவார்பட்டியில் அவனுக்குப் பெண் அமைந்திருந்தது. நிச்சயத்துக்கு நாள் குறிக்க வேண்டியதுதான் பாக்கி. இதுவும் கைவிட்டுப் போனால் அவனுக்குக் கல்யாணமே இல்லை என்று நான் பயந்துகொண்டிருந்த நேரம்.

விழா முடிந்தது. எனக்கு மாலையைப் போட்டு ஜீப்பில் முன்னால் உட்கார வைத்தார்கள். எனக்கும் முருகனுக்கும் நடுவில் நோரா டீச்சர், அரக்குப் பட்டுச்சேலையும் தலை நிறைய மல்லிகையுமாக. மற்ற டீச்சர்கள் பின்னால் வேனில். எங்கள் கூடலூர் வந்ததும் உறுமி மேளக்காரர்கள் முன்னால் வந்து அடி கொடுத்தார்கள் பாருங்கள், கடைக்காரர்கள் எல்லாரும் ரோட்டுக்கு வந்துவிட்டார்கள். எனக்கு உயிரே போய்விட்டது.

"டீச்சர், மாலை கழுத்தை அறுக்குது. கொஞ்ச நேரம் நீ போட்டுக்கத்தா."

"நான் போடலாமா, ஆயாம்மா? வழக்கமா?"

"வழக்கந்தேன்" என்றேன். (கூச்சம் வந்தால் பொய்யும் கூடவே வந்துவிடும்.)

மாலையை அதன் கழுத்தில் போட்டுவிட்டு, பின்பக்கம் போய்க் குனிந்து உட்கார்ந்துகொண்டேன். டீச்சர்கள் வந்த வேன் பஸ் ஸ்டாண்டுக் கூட்டத்தில் மாட்டிக்கொண்டது. மேளம் முழங்க, எங்கள் ஜீப் மட்டும் தெருவுக்குள் நுழைந்தது.

வாசலில் பேச்சி நின்றாள். என் வீட்டுக்காரரின் தங்கை, பக்கத்து வீடு. எதையும் செய்து முடித்துவிட்டுத்தான் என்ன ஏது என்று கேட்பாள். மேளத்தைப் பார்த்தாள், முருகனைப் பார்த்தாள், பக்கத்தில் மாலையும் பட்டுமாக இறங்கிய வெள்ளைக்காரப் பெண்ணைப் பார்த்தாள்.

"ஏலே முருகா! இப்படிப் பண்ணிட்டியேடா!" என்று நெஞ்சில் அடித்துக்கொண்டாள். அடுத்த நொடியே, "சரி, நம்பி வந்தவளை வாசல்ல நிறுத்தப்படாது. ஏத்தா, ஆரத்தியைக் கரைங்கடி!"

முருகன் என்னவோ கத்தினான். மேளத்தில் ஒரு சொல்கூடக் கேட்கவில்லை. மேளக்காரர்களுக்கு ஆரத்தியைக் கண்டதும் உற்சாகம் பிறந்துவிட்டது. பெற்றவள் நான் போய்த் தடுத்திருக்க வேண்டும். தெருவே கூடி நின்று செல்போனில் படம் பிடிக்கிறதே! ஜீப்பின் பின்னால் மாட்டியிருந்த ஸ்டெப்னி டயருக்கும் சுவருக்கும் இடையில் புகுந்து நின்றுவிட்டேன்.

நோரா டீச்சரோ, இதுவும் ஓய்வு விழா வழக்கந்தான் என்று நம்பி, படித்த பாடத்தையெல்லாம் ஒப்பித்தது. ஆரத்திக்குக் குனிந்து கொடுத்தது. நிலைப்படியில் பேச்சி வைத்த நெல் படியை வலது காலால் பதமாகத் தட்டிவிட்டு உள்ளே போனது. சொல்லாமலே விளக்கேற்றியது. "என்ன லட்சணமா செய்யிறா!" என்று பேச்சிக்கு மனசு இளகிவிட்டது. பாலும் பழமும் கொண்டுவந்தாள். டீச்சர் பாதி குடித்தது. மீதிப் பாலை, விளக்கம் சொல்ல உள்ளே ஓடிவந்த முருகன் கையில் திணித்தாள். கத்திக் கத்தித் தொண்டை வறண்டிருந்தவன் மடமடவென்று குடித்துவிட்டான்.

அந்த நேரம் பார்த்துத்தான் வாசலில் வந்து நின்றார் முத்தையா அண்ணன். பஜாரில் டயர் கடை வைத்திருக்கிறவர். கெங்குவார்பட்டிப் பெண்ணுக்குத் தாய்மாமன்.

"என்ன மாப்பிள, பால் இனிப்பாருக்கா?" என்றார்.

ஜீப்புக்குப் பின்னால் இருந்து என்னை இழுத்து வந்து அவர் முன்னால் நிறுத்தினார்கள். மகன் வாழ்க்கை என் ஒரு வார்த்தையில் இருக்கிறது. என் வாயில் வந்தது இதுதான்:

"சாப்பிட்டுப் போங்கண்ணே."

"கல்யாணச் சாப்பாடா?" என்று கேட்டுவிட்டு வேட்டியை மடித்துக் கட்டிப் போய்விட்டார்.

வேனில் வந்த டீச்சர்கள் விசயத்தைச் சொன்னதும் நோரா டீச்சர், "கல்யாணமா? எனக்கா?" என்று விழுந்து விழுந்து சிரித்தது. முருகன் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுபோனது. "நான் வந்து சொல்றேன்" என்றது. டீச்சரே வந்து நின்றால் சம்பந்தி வீட்டில் என்ன நினைப்பார்கள்! நான்தான் போக வேண்டும்.

மறுநாள் காலை கெங்குவார்பட்டிக்குப் போனேன். எனக்கு முன்னாலேயே வீடியோ அங்கே போய்ச் சேர்ந்திருந்தது. முத்தையா அண்ணனும் இருந்தார். தரையைப் பார்த்துக்கொண்டே நடந்ததையெல்லாம் ஒரே மூச்சில் கொட்டிவிட்டேன்.

"வெக்கப்பட்டு மாலையக் கழட்டி அடுத்தவ கழுத்துல போட்டாகளாம்! என்னயப் பாத்தா எப்படித் தெரியுது?" என்றார் பெண்ணின் அப்பா.

உள்ளேயிருந்து பெண் கௌசல்யா போனோடு வந்தாள். "அப்பா, இங்கன பாருங்க. டயருக்கும் சுவத்துக்கும் நடுவுல, முந்தானையால மூஞ்சிய மூடி, ஒத்தக் கண்ணை மட்டும் வெளிய விட்டுக்கிட்டு நிக்கிறது ஆரு? புது மருமகளக் கூட்டியாந்த மாமியா இப்படியா நிப்பாக?"

அவர் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். மீசை துடித்தது. கோபம் என்று நினைத்தேன், சிரிப்பு. முத்தையா அண்ணனுக்கோ இருமலே வந்துவிட்டது.

"எங் கூடப் படிச்சவளுகெல்லாம் மாமியா வாயை நினைச்சுத்தேன் அழுகிறாளுக" என்றாள் கௌசல்யா. "எனக்கு வாயே தொறக்காத மாமியா வாச்சிருக்காக. நாளக் குறிங்கப்பா."

நோரா டீச்சர் இப்போது அயர்லாந்தில் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை ஆனால் வீடியோவில் கூப்பிடும். உடனே கௌசல்யா தெருவுக்கே கேட்கும்படி, "அத்தே, ஓடியாங்க! ஒங்க மூத்த மருமக கூப்புடுறாக!" என்று கத்துவாள். பேத்தி அதைப் பெரியம்மா என்றுதான் கூப்பிடுகிறாள்.

மாலை ரோசாவா செவ்வந்தியா, ஆரத்தித் தட்டைப் பிடித்தது பேச்சியா அவள் மகளா என்றெல்லாம் எனக்குச் சரியாக நினைவில்லை. வீடியோ இன்னும் கௌசல்யா போனில்தான் இருக்கிறது. மலரில் போடுவதற்கு முன் யாராவது அதைப் பார்த்து, தப்பு இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள். நான் பார்க்க மாட்டேன். வெட்கமாக இருக்கிறது.