முகப்பு சாரி, நடு சாரி, முடிவு சாரி

மனித குலம் இதுவரை செய்த பெரிய காரியங்கள் மூன்று. நெருப்பை மூட்டியது, சக்கரத்தை உருட்டியது, 'சாரி' என்ற ஆங்கில வார்த்தையை வாக்கியத்தில் சரியாகப் பயன்படுத்தக் கற்றுக்கொண்டது. முதல் இரண்டையும் யார் செய்தார்கள், எங்கே செய்தார்கள் என்று யாருக்கும் தெரியாது. மூன்றாவது மட்டும் ஒரு லிப்ட் பராமரிப்பு நிறுவனத்தின் மூன்றாம் மாடியில், ஏசி ஓடாத கூட்ட அறையில், ஒரு திங்கட்கிழமை காலை பத்தே காலுக்கு நடந்தது. சாட்சிகள் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவர் டக்கு அக்கா.

டக்கு அக்காவுக்கு வயது நாற்பத்தாறு. பதினோரு வருடமாகப் புகார் மேஜையில் போன் எடுக்கிறவர். யாராவது கூப்பிட்டு லிப்ட் நின்றுவிட்டது என்றால், "எந்த பில்டிங்? உள்ள ஆள் இருக்கா? சரி, வைங்க" என்பார். உடனே தன் நோட்டைப் புரட்டி, அந்தப் பக்கம் சுற்றிக்கொண்டிருக்கும் மெக்கானிக்கைப் பிடித்து டக்கென்று அனுப்பிவிடுவார். பெயர் அப்படித்தான் வந்தது. மொத்த விவகாரமும் நாற்பது நொடி. இப்படிப்பட்ட அநாகரிகத்தை ஒரு நிறுவனம் பதினோரு வருடம் பொறுத்துக்கொண்டது என்றால், அதன் பெருந்தன்மையை என்னவென்று சொல்வது?

ஆனால் பெருந்தன்மைக்கும் ஓர் அளவு உண்டு. புகார்கள் பெருகின. ஐந்து பேர் கொண்ட உயர்மட்டக் குழு ஆறு முறை கூடி, ஏன் பெருகின என்று ஆராய்ந்தது. லிப்ட் அடிக்கடி நிற்பதால் இருக்குமோ என்று ஒருவர் சந்தேகம் கிளப்பினார். அவரை வேறு குழுவுக்கு மாற்றினார்கள். மிச்சம் நான்கு பேர் ஒருமனதாகக் கண்டறிந்தது இதுதான்: புகார் மேஜையில் 'சாரி' என்ற சொல் தவறான இடங்களில், போதாத அளவில், அஜாக்கிரதையாகப் பயன்படுத்தப்படுகிறது.

அதைச் செப்பனிட ஓர் ஆலோசகர் வந்தார். அந்தப் புழுக்கத்திலும் கோட்டைக் கழற்றாத மன உறுதி படைத்தவர் என்பதால் ஊழியர்கள் அவருக்குக் கோட்டுக்காரர் என்று பெயர் வைத்தார்கள்.

"சாரிங்கிறது வார்த்தை இல்ல. அது ஒரு அனுபவம்," என்று ஆரம்பித்தார். எல்லோரும் குறித்துக்கொண்டார்கள்.

பிறகு பலகையில் ஒரு வாக்கியம் எழுதினார். 'சாரி சார், கயிறு தேஞ்சிடுச்சு, போன மாசமே மாத்தியிருக்கணும்.' அதன் மேல் சிவப்பு மையால் ஒரு பெரிய பெருக்கல் குறி போட்டார்.

"இதுல என்ன தப்பு?"

"கயிறு மாத்தாதது சார்," என்றார் டக்கு அக்கா.

கோட்டுக்காரர் அவரை இரக்கத்தோடு பார்த்தார். "சாரிக்குப் பின்னால காரணம் வந்திருக்கு மேடம். காரணம் சொன்னா வாடிக்கையாளர் யோசிக்க ஆரம்பிச்சிடுவார். யோசிக்கிறவருக்கு நம்மளால சேவை செய்ய முடியாது."

சரியான வாக்கியங்கள் மூன்று என்று அவர் அறிவித்தார். பேச்சின் தொடக்கத்தில் முகப்பு சாரி: 'உங்களுக்கு ஏற்பட்ட அனுபவத்துக்கு சாரி.' எதிராளி குரலை உயர்த்தும்போது நடு சாரி: 'நீங்க அப்படி உணர்றதுக்கு சாரி.' போனை வைக்கும் முன் முடிவு சாரி: 'இன்னைக்கு எங்களால உதவ முடியாம போயிருந்தா அதுக்கும் சாரி.' மூன்றுக்கும் நடுவே போதிய இடைவெளி விட வேண்டும். ஓர் அழைப்பு நான்கு நிமிடத்துக்குக் குறையக் கூடாது.

டக்கு அக்கா கையைத் தூக்கினார். "லிப்ட் எப்ப சரியாகும்னு எந்த சாரியில சொல்லணும் சார்?"

"நல்ல கேள்வி," என்றார் கோட்டுக்காரர். "அது இந்தப் பாடத்துல வராது."

அன்று மாலையே புதிய நடைமுறை அமலுக்கு வந்தது. புகார் மேஜை இனி மெக்கானிக்கைக் கூப்பிடாது. விவரத்தைப் படிவத்தில் நிரப்பி 'சீர்செய் பிரிவு'க்கு அனுப்பும். சீர்செய் பிரிவு வியாழக்கிழமைதோறும் கூடி, படிவங்களைப் பரிசீலிக்கும். ஒவ்வொரு அழைப்பையும் ஒரு மென்பொருள் ஒட்டுக் கேட்டு நூற்றுக்கு மதிப்பெண் போடும்.

முதல் மூன்று வாரமும் டக்கு அக்கா பதினொன்றைத் தாண்டவில்லை. பழக்க தோஷம். பிடித்தோமா அனுப்பினோமா என்று நாற்பதாவது நொடியில் வேலை முடிந்துவிட்டால், பாவம், அந்த மூன்று சாரியும் எங்கே போய் உட்காரும்?

பக்கத்து நாற்காலியில் தேன்குரல் என்று பெயரெடுத்த பெண் வாங்கியது தொண்ணூற்றெட்டு. அவள் வேலைக்குச் சேர்ந்து ஐந்து மாதம்தான் ஆகிறது. ஒரே கட்டடத்திலிருந்து ஒரே பெரியவர் பத்தொன்பது நாளாகக் கூப்பிடுகிறார். நாளுக்கு மூன்று வீதம் ஐம்பத்தேழு சாரி. லிப்ட் என்னவோ அப்படியேதான் நிற்கிறது. பெரியவர் இப்போது லிப்டைப் பற்றிப் பேசுவதே இல்லை. "சாப்ட்டியாம்மா?" என்று கேட்டுவிட்டு வைத்துவிடுகிறார். வாடிக்கையாளர் உறவு என்றால் இதுவல்லவா உறவு? அவளுக்குக் கேடயம் கொடுத்தார்கள்.

டக்கு அக்காவை மேலாளர் அறைக்குக் கூப்பிட்டார்கள். மேலாளர் நல்ல மனிதர். நல்ல மனிதர் என்பதால் கண்ணைப் பார்க்காமல் மேஜையிலிருந்த குண்டூசி டப்பாவைப் பார்த்துப் பேசினார்.

"உங்க ஒப்பந்தம் இந்த மாசத்தோட முடியுதும்மா. அடுத்த வெள்ளிக்கிழமை தேர்வு. எண்பது எடுத்தா புதுப்பிச்சிடலாம்."

"எடுக்கலன்னா சார்?"

மேலாளர் டப்பாவைத் திறந்து மூடினார்.

அக்காவின் கணவர் பஸ் ஓட்டியவர். முதுகுத்தண்டு போய் எட்டு மாதமாகப் படுக்கையில் இருக்கிறார். மகளுக்கு நர்சிங் கடைசி வருடம். அந்த வீட்டில் அடுப்பு எரிவது இந்தப் போனை நம்பித்தான். இந்த வயதில் வேறு எவன் கூப்பிட்டு வேலை கொடுப்பான்?

ஆகவே வீட்டில் பயிற்சி தொடங்கியது. மகள் கையில் கடிகாரத்தோடு கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்தாள். கணவர் வாடிக்கையாளராக நியமிக்கப்பட்டார். யாரும் அவரிடம் சொல்லவில்லை.

"இடுப்பு பிடிச்சுக்கிச்சு. அந்த மாத்திரையைக் கொஞ்சம் எடு," என்றார் அவர்.

"உங்களுக்கு ஏற்பட்ட அனுபவத்துக்கு சாரி," என்றார் அக்கா.

"என்னது?"

"அம்மா, அவசரப்படாத. மூச்சு விட்டுச் சொல்லு," என்றாள் மகள்.

"என்னடி நடக்குது இங்க? வலி உயிர் போகுது, ரெண்டு பேரும் விளையாடுறீங்களா?"

"நீங்க அப்படி உணர்றதுக்கு சாரி."

கணவர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டு, எட்டு மாதத்தில் முதல்முறையாகத் தானே எழுந்து போய் மாத்திரையை எடுத்துக்கொண்டார். முறை வேலை செய்கிறது என்பதற்கு இதைவிட என்ன அத்தாட்சி வேண்டும்? முடிவு சாரியை அக்கா அவர் முதுகைப் பார்த்துச் சொன்னார்.

அடுத்த வாரம் அக்காவின் மதிப்பெண் ஏறியது. ஐம்பத்திரண்டு, அறுபத்தேழு, எழுபத்தொன்பது. நோட்டை இழுப்பறைக்குள் போட்டுப் பூட்டி, சாவியைத் தேன்குரலிடம் கொடுத்திருந்தார்.

புதன்கிழமை ஏழாவது மாடியிலிருந்து ஒரு பெண் கூப்பிட்டாள். அம்மாவுக்குக் கண் ஆபரேஷன். பதினோரு மணிக்கு ஆஸ்பத்திரியில் இருக்க வேண்டும். லிப்ட் ஓடவில்லை. அம்மாவுக்குப் படி இறங்க முடியாது.

அக்கா முகப்பு சாரியைச் சொன்னார்.

"பரவால்ல மேடம். ஆள் எப்ப வருவாங்க?"

அக்காவின் கை தானாக இழுப்பறைக்குப் போனது. பூட்டியிருந்தது. நடு சாரியைச் சொன்னார்.

"நீங்க ரொம்ப நல்லா பேசுறீங்க மேடம்," என்றாள் அந்தப் பெண். "ஆனா அம்மாவை எப்படி இறக்குறது? அதை மட்டும் சொல்லுங்க."

முடிவு சாரிக்கு முன் விட வேண்டிய இடைவெளியை அக்கா விட்டார். உண்மையில் அது இடைவெளி இல்லை, அக்கா பூட்டிய இழுப்பறையை இன்னொரு முறை இழுத்துப் பார்த்த நேரம். மென்பொருளுக்கு அந்த வித்தியாசமெல்லாம் தெரியாது. அது தொண்ணூற்றொன்று போட்டது. தேன்குரல் கை கொடுத்தாள். அக்கா கழிவறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதார். இப்படியும் ஒரு பிழைப்பா என்று இருந்தது. அழுது முடித்து, முகம் கழுவி, நாற்காலிக்குத் திரும்பி, அடுத்த போனில் எண்பத்தாறு வாங்கினார்.

வெள்ளிக்கிழமை வந்தது. பதினொன்றரைக்குத் தேர்வு. கோட்டுக்காரரும் மேலாளரும் கீழே காபி குடித்துவிட்டு மேலே வருவதாகத் தகவல். பதினொன்று இருபத்தெட்டுக்கு அக்காவின் போன் அடித்தது.

"ஹலோ? நான்தான்," என்றது கோட்டுக்காரரின் குரல். "லிப்ட் நின்னுடுச்சு."

"எந்த பில்டிங் சார்?"

"நம்ம பில்டிங் மேடம். ரெண்டாவது மாடிக்கும் மூணாவது மாடிக்கும் நடுவுல இருக்கோம். லைட்டும் போயிடுச்சு."

தேன்குரல் ரிசீவரில் காதை ஒட்டவைத்துக் கேட்டாள். கண்கள் விரிந்தன. "அக்கா, இதுதான் பரீட்சை," என்று கிசுகிசுத்தாள். "செய்முறைத் தேர்வு. எவ்ளோ தத்ரூபமா நடிக்கிறார் பாருங்க."

நொடியில் பிரிவு மொத்தமும் அக்காவைச் சுற்றி நின்றது. ஒருவர் பேனாவால் சைகை காட்டினார். அக்கா நிமிர்ந்து உட்கார்ந்து, மூச்சு விட்டு, ஆரம்பித்தார்.

"உங்களுக்கு ஏற்பட்ட அனுபவத்துக்கு சாரி."

"மேடம், இது நிஜம். ஆளை அனுப்புங்க."

"நிஜம்னு வேற சொல்றார்," என்றாள் தேன்குரல் பிரமிப்போடு. "விட்டுக் கொடுக்காதீங்க அக்கா. நடு சாரி, நடு சாரி."

கோட்டுக்காரர் குரலை உயர்த்தினார். பாடப்படி நடு சாரிக்கு இதைவிடப் பொருத்தமான இடம் கிடையாது. அக்கா வாயைத் திறந்தார். அப்போது போனின் ஆழத்திலிருந்து இன்னொரு சத்தம் கேட்டது. மேலாளர் இழுத்து இழுத்து மூச்சு வாங்கினார். அவருக்கு ஆஸ்துமா இருப்பது அக்காவுக்குத் தெரியும். பதினோரு வருடப் பழக்கம். அது நடிப்பில் வருகிற சத்தம் இல்லை.

இன்னும் இரண்டு சாரி. சொன்னால் எண்பதுக்கு மேல் நிச்சயம். மகளின் கடைசி வருடம், கணவரின் மாத்திரை, எல்லாம் அந்த இரண்டு சாரியில் இருந்தன. அக்காவுக்கு அது தெரியாமல் இல்லை.

"இழுப்பறை சாவியைக் குடு," என்றார்.

"அக்கா, வேணாம்."

"குடுடி."

நோட்டு தேவைப்படவே இல்லை. விரல்கள் எண்ணை அழுத்திக்கொண்டிருந்தன. எதிர்முனையில் ஸ்பேனர். மெக்கானிக்குகளில் மூத்தவர், இரண்டு தெரு தள்ளி ஒரு வங்கிக் கட்டடத்தில் இருந்தார்.

"நம்ம ஆபீசு. ரெண்டுக்கும் மூணுக்கும் நடுவுல. உள்ள ரெண்டு பேர். ஒருத்தருக்கு மூச்சுத் திணறல். வாங்க," என்றார் அக்கா. வைத்துவிட்டார். அடுத்து மருந்துக் கடைக்குப் போன் போட்டு, ஆஸ்துமாவுக்கு உறிஞ்சுகிற மருந்து ஒன்றைக் கீழே கொண்டுவரச் சொன்னார். பிறகு லிப்ட் கதவருகே ஓடி, இடுக்கில் வாயை வைத்து, "சார், தரையில உக்காருங்க. சட்டைப் பொத்தானைக் கழட்டுங்க. ஒன்பது நிமிஷத்துல ஸ்பேனர் வந்துடுவார்," என்று கத்தினார்.

ஏழாவது நிமிடம் கதவு திறந்தது.

மேலாளரைக் கைத்தாங்கலாகக் கொண்டுவந்து நாற்காலியில் உட்காரவைத்து, மருந்து கொடுத்து, மின்விசிறியைத் திருப்பிவிட்டார்கள். முகத்தில் ரத்தம் திரும்பியது. கோட்டுக்காரர் கோட்டைக் கழற்றிப் பிழிந்தார். இரண்டு பாட்டில் தண்ணீர் குடித்தார். பிறகு ஒரு காகிதத்தை எடுத்து முழங்கால் மேல் வைத்துக்கொண்டார். கடமை என்று வந்துவிட்டால் அவர் இப்படித்தான்.

"முகப்பு சாரி நல்லா வந்துது," என்றார். "நடு சாரி இல்ல. முடிவு சாரி இல்ல. படிவம் நிரப்பல. மெக்கானிக்கை நேரடியாத் தொடர்புகொண்டிருக்கீங்க. தரையில உக்காரச் சொல்லியிருக்கீங்க. நேரம் வேற சொல்லியிருக்கீங்க, ஒன்பது நிமிஷம்னு. அதுவும் தப்பு, ஏழுதான் ஆச்சு."

"அவருக்கு மூச்சு விட முடியல சார்," என்றார் அக்கா.

"கேட்டேன் மேடம். பக்கத்துலதானே இருந்தேன். அந்த இடத்துலதான் நடு சாரி வரணும்."

மதிப்பெண் முப்பத்து மூன்று. அக்கா மேலாளரைப் பார்த்தார். மேலாளர் மருந்துக் குழாயை வாயில் வைத்திருந்தார். வாயில் அது இருந்ததால் பேச முடியாத நிலை. மூச்சு முழுவதும் சீரான பிறகும் அதை அவர் எடுக்கவில்லை.

நாலே முக்காலுக்குக் கடிதம் வந்தது. ஒரே பக்கம். முதல் வரியில் ஒரு சாரி, மத்தியில் ஒரு சாரி, கடைசி வரியில் ஒரு சாரி. நடுவே போதிய இடைவெளி. காரணம் கிடையாது. தேன்குரலால்கூட இதில் குற்றம் கண்டுபிடிக்க முடியாது. பதினோரு வருடம் உழைத்த ஒரு மனுஷியை வீட்டுக்கு அனுப்புவதில் இவ்வளவு சுத்தம் வேறெந்த நிறுவனத்தில் பார்க்க முடியும்?

அக்கா கைப்பையை மாட்டிக்கொண்டு மேலாளர் அறைக் கதவைத் தள்ளினார். கத்த வரவில்லை. கடிதத்தை மேஜையில் விரித்தார்.

"ஒண்ணே ஒண்ணு கேட்டுட்டுப் போயிடுறேன் சார். இதுல மூணு தடவை சாரின்னு போட்டிருக்கு. கீழ யார் கையெழுத்தும் இல்ல. வருத்தப்படுறது யாரு சார்? நீங்களா?"

மேலாளர் அன்றைக்கு முதல்முறையாக அவர் கண்ணைப் பார்த்தார்.

"இல்லம்மா," என்றார். "யாராவது நிஜமா வருத்தப்பட்டா, அது தப்பான பயன்பாடு."