பென்ஷனுக்கு நாற்பது வயது

ஜப்பான்காரன் நாட்டைப் பிடித்திருந்த காலத்தில் எங்கள் ஊர் காஜா பேராங்கில் வேலை இல்லாமல் இருந்தவர்கள் பலர். அதையே ஓர் உத்தியோகமாகப் பார்த்தவர், பென்ஷன் என்று நாங்கள் கூப்பிட்ட கிழவர் ஒருவர்தான். ரோடு போடும் இலாகாவில் மேஸ்திரியாக இருந்து ஓய்வு பெற்றவர். "வயசாகறது ஒரு தகுதி தம்பி. உனக்கு அது இன்னும் வரல," என்பார் என்னிடம். எனக்கு அப்போது இருபத்திரண்டு.

வெள்ளைக்காரன் ஓடியதும் அவருடைய பென்ஷன் நின்றது. வேறு யாராயிருந்தாலும் தலையில் கைவைத்து உட்கார்ந்திருப்பார்கள். இவர் தெருவுக்கே பென்ஷன் கொடுக்க ஆரம்பித்துவிட்டார். வீடுகளுக்குப் பின்னாலிருந்த திடலைக் கொத்தி நாங்கள் இளவட்டங்கள் மரவள்ளி போட்டிருந்தோம். தோண்டுவதில் ஒரு பங்கு வயதானவர்களுக்கு என்றார்.

"இன்னிக்கு நீ போடு, நாளைக்கு உனக்கு இன்னொருத்தன் போடுவான். கவர்மெண்டு அப்படித்தான் நடக்குது."

"கவர்மெண்டுதான் ஓடிருச்சே ஐயா."

"அதான் நீ இருக்கியே."

இலாகா சட்டம் ஒன்றை மட்டும் அவர் விடவே மாட்டார். பென்ஷன் வாங்குகிறவர் நேரில் வந்து, தாம் உயிரோடு இருப்பதாகச் சொல்ல வேண்டும். இடியப்பம் விற்ற கிழவியிடமும் கேட்டார்.

"உசுரோட இருக்கியா?"

"ஏன், கண்ணு தெரியலயா?"

"கண்ணுக்குத் தெரியறது செல்லாது. வாயால சொல்லணும்."

அவள் வாயால் சொன்னதைப் பத்திரிகையில் எழுத முடியாது. இவ்வளவு திட்டுகிறவள் உயிரோடுதான் இருக்க வேண்டும் என்று கிழங்கைக் கொடுத்தார்.

பிறகு சயாமில் ரயில் பாதை போட ஆள் பிடிக்க ஆரம்பித்தார்கள். பக்கத்து ஜாலான் பெண்டஹாரா ரோட்டில் லாரி நிற்கிறது என்று யாராவது சொன்னால் போதும், எங்கள் தெருவில் அடுப்பு எரியாது. போனவர்களிடமிருந்து ஒரு சேதியும் வராது. திடலில் கொத்தும் கைகள் குறைந்தன. கிழங்குக்கு வந்தவர்களோ கூடினார்கள். பிள்ளையைப் பறிகொடுத்த அப்பன் ஆத்தாளும் வந்து நின்றால் என்ன செய்வது?

பென்ஷன் யோசித்து யோசித்து, பென்ஷன் வயதை ஏற்றினார். தெரு கொதித்தது. பிறந்த தேதி யாரிடம் இருக்கிறது? முந்தின நாள் அறுபதாக இருந்த சலவைக்காரர் விடிந்ததும் எழுபதாகிவிட்டார். கூடவே தனக்கும் வயது ஏறிவிட்டதே என்று அவர் சம்சாரம் அவரோடு பேச்சை நிறுத்தினாள். கடைசியில் பென்ஷன் தம் பங்கை விட்டுக்கொடுத்துத்தான் சண்டையைத் தீர்த்தார். சாப்பிட்டீர்களா என்று கேட்டால், "அரியர்ஸா சேத்து வாங்கிக்குவேன்," என்பார். கன்னம் ஒட்டிப்போயிருந்தது.

மண்வெட்டி பிடிக்க நான் ஒருவன் மிஞ்சியிருந்தபோது லாரி எங்கள் தெருவுக்குள்ளேயே வந்தது. ஒரு ஜப்பான் சிப்பாய், கூட ஆள் பிடித்துக் கொடுக்கும் நம் கங்காணி ஒருவன். நான் திடல் நடுவில் நின்றேன். ஓட வழியில்லை.

"இந்தத் தெருவுக்கு ஒரு ஆளு. நீ வா," என்றான் கங்காணி.

"அவன் எதுக்கு? நான் வரேன்."

பென்ஷன் வந்தார். நரைத்த தலை முழுக்க அடுப்புக்கரி. வியர்வையில் அது காதோரம் வழிந்துகொண்டிருந்தது. கூன் முதுகை எப்படித்தான் நிமிர்த்தினாரோ தெரியவில்லை.

"வயசு?"

"நாப்பது."

வேறு நாளாயிருந்தால் தெருவே உருண்டு சிரித்திருக்கும்.

"கரி வழியுது பெருசு," என்றான் கங்காணி மெதுவாக.

"ரோடு போட்டவன்யா நான். உனக்கு வேண்டியது ஒரு தலை. இந்தா இருக்கு, எண்ணிக்க."

சிப்பாய் பொறுமையில்லாமல் கத்தினான். அறை விழுமோ என்று பயந்த கங்காணி அவர் தோளைப் பிடித்து லாரிப் பக்கம் தள்ளினான். நான் ஓடிப்போய் அவர் கையைப் பிடித்தேன்.

"வேணாம் ஐயா. நான் போறேன்."

"போடா மடையா," என்றார் தணிந்த குரலில். "நான் போனா ஒரு வாய் குறையும். நீ போனா அத்தன வாயும் காயும். இது கூடவா தெரியல?"

லாரி போய்விட்டது. அவர் திரும்பவில்லை. அன்றும் நான் கிழங்கு தோண்டினேன், பங்கு போட்டேன், ஒருவரும் வயதைப் பற்றிப் பேசவில்லை.

எனக்கு அவர்மேல் இன்னும் கோபம் உண்டு. ஜப்பான் சண்டை முடிந்து அரிசி வந்தது, எனக்கும் ஒரு வேலை வந்தது. அந்த மனிதரை வீட்டில் உட்காரவைத்து வயிறார ஒரு வேளை சோறு போட எனக்குக் கொடுத்துவைக்கவில்லை.