கடைசி வளைவு

மாமனார் வீட்டுக் கூடத்தில் தன் போட்டோவைக் காணவில்லை என்பதைப் பல் டாக்டர் செருப்பைக் கழற்றும்போதே கவனித்துவிட்டார். மாரத்தான் முடித்து மெடலைக் கடித்துக்கொண்டு நிற்கிற போட்டோ. பல் டாக்டரே இரும்பைக் கடிக்கலாமா என்று அன்றைக்கே மனைவி கேட்டாள். கேட்டால் கேட்கட்டும், மூத்த மாப்பிள்ளை என்கிற பதவிக்கு அந்தப் போட்டோதான் ஆதாரம். மாமனாரின் வெள்ளிக் கோப்பைக்குப் பக்கத்தில் இத்தனை வருஷமாக மாட்டியிருந்தது.

அந்தக் கோப்பை லேசுப்பட்டதல்ல. வாலிபத்தில் மாமனார் எண்பது கிலோமீட்டர் மலையோட்டத்தை ஓடி முடித்து வாங்கியது. தினமும் அவரே துடைப்பார், வேறு யார் கையும் படக்கூடாது. இப்போது அதன் பக்கத்தில் சகலையின் போட்டோ சிரித்துக்கொண்டிருந்தது. மச்சினியைக் கட்டி ஆறு மாதம்தான் ஆகிறது, அதற்குள் கூடத்துக்கு வந்துவிட்டான். உடம்பில் அதே மலையோட்டத்தின் பச்சைப் பனியன்.

டாக்டரின் போட்டோ வாஷிங் மெஷினுக்கு மேலே இருந்தது.

"துணி துவைக்கறப்ப பாத்துக்கறேன் மாப்பிள்ளை," என்றார் மாமியார் ஆறுதலாக.

விவரம் தெரியாதவர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். மாரத்தான் ஆட்களுக்கும் அல்ட்ரா ஆட்களுக்கும் ஆகவே ஆகாது. நாற்பத்திரண்டு கிலோமீட்டரை எவ்வளவு நேரத்தில் ஓடினேன் என்று மாரத்தான்காரர் யாரும் கேட்காமலே சொல்வார். அதைத் தாண்டி ஓடுகிற அல்ட்ராக்காரர் நேரத்தைப் பற்றி மூச்சு விடமாட்டார். காலில் எத்தனை நகம் விழுந்தது என்று சொல்வார், அதுவும் நாம் சாப்பிடும்போது. மேட்டில் நடந்து போகிறவனெல்லாம் ஓட்டக்காரனா என்பது இவர்கள் கட்சி. சாயங்காலம் வரை ஓடத் தெரியாதவனெல்லாம் ஓட்டக்காரனா என்பது அவர்கள் கட்சி. இரண்டு பேரையும் ஒரே மேஜையில் உட்காரவைப்பது வீட்டுக்கு நல்லதல்ல. மாமியார் உட்காரவைத்தார்.

"நாப்பத்திரண்டா? அதுக்குள்ள நாங்க ரெண்டு தடவை சாப்பிட்டிருப்போம் சகலை," என்றான் சின்னவன். பிறகு வழியில் கூடாரத்தில் தருகிற உருளைக்கிழங்கைப் பற்றி ஆரம்பித்து, எந்தப் பதத்தில் வேகவேண்டும், எவ்வளவு உப்பு என்று நிறுத்தாமல் பேசினான். மாமனார் ரசித்துக் கேட்டார்.

டாக்டருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "வேகமா ஓட வராதவங்கதான் தூரமா ஓடுவாங்க."

மாமனாரின் கை தட்டிலேயே நின்றது. அவர் மெதுவாகத் திரும்பிக் கோப்பையைப் பார்த்தார்.

அப்போதுதான் டாக்டருக்கு உறைத்தது. சமாளிக்க வேண்டுமே என்று, சும்மா சொன்னேன் மாமா, நானே இந்த வருஷம் மலையோட்டத்துக்குப் பேர் கொடுத்திருக்கிறேன் என்று அளந்துவிட்டார். மாமனார் மலர்ந்தார். மாப்பிள்ளை ஓடி முடித்த அன்றே போட்டோ கூடத்துக்கு வரும் என்று வாக்குக் கொடுத்தார். அத்தோடு விட்டிருந்தால் தேவலை, குடும்பத்தோடு பார்க்க வருவதாகவும் சொன்னார்.

சகலையின் முகம் செத்துவிட்டது. "வேணாம் சகலை, அது வேற மாதிரி. மாமாவும் எதுக்கு வெயில்ல நிக்கணும்?"

என்ன திமிர் என்று நினைத்தார் டாக்டர். மறுநாளே உண்மையாகவே பேர் கொடுத்தார்.

"நான் கடைசி வளைவுலதான் நிப்பேன்," என்றார் மாமனார். "ஆளோட லட்சணம் அங்கதான் தெரியும்."

மலையோட்டத்துக்கு மேட்டில் நடக்கப் பழகவேண்டும். டாக்டரின் மாரத்தான் கோஷ்டியில் நடப்பது மானக்கேடு. அதனால் பஸ் டெப்போவுக்குப் பின்னால் இருந்த மேட்டில் திருட்டுத்தனமாக நடந்தார். கோஷ்டி ஆள் ஒருவர் பார்த்துவிட்டு மனைவிக்குப் போன் போட்டு, டாக்டர் நடந்துபோகிறாரே, வீட்டில் ஏதாவது பிரச்சினையா என்று தழுதழுத்த குரலில் விசாரித்தார். அவளுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. ரோஷத்தில் டாக்டர் நடப்பதையே விட்டுவிட்டார்.

ஓட்டத்தன்று சகலையைக் காணோம். முதல் கூட்டத்தோடு முன்னாடியே கிளம்பிவிட்டாராம், மச்சினி சொன்னாள். அவனைப் பிடித்துவிடுகிறேன் என்று டாக்டர் முதல் மேட்டில் எல்லோரையும் முந்திக்கொண்டு ஓடினார். மற்றவர்கள் பேசிக்கொண்டு, தின்றுகொண்டு, சாவகாசமாக நடந்தார்கள். இரண்டாவது மேட்டிலும் ஓடினார். மூன்றாவதில் தொடை பிடித்துக்கொண்டது. பேசிக்கொண்டும் தின்றுகொண்டும் வந்தவர்கள் ஒவ்வொருவராக அவரைத் தாண்டிப் போனார்கள். பாதி வழியில் இருந்த சாப்பாட்டுக் கூடாரத்துக்குள் அவர் ஏறக்குறையத் தவழ்ந்துதான் போனார்.

உள்ளே சகலை ஏப்ரன் கட்டிக்கொண்டு உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தான்.

டாக்டரைக் கண்டதும் கத்தியைக் கீழே வைத்தான்.

"பனியன் உதவிக்கு வர்றவங்களுக்கும் குடுப்பாங்க," என்றான் சகலை. "பொண்ணு பாக்க வந்தப்ப அதைப் போட்டுட்டு வந்தேன். மாமாவே என்னை ஓட்டக்காரன்னு முடிவு பண்ணிட்டார். நான் இல்லன்னு சொல்லல, அவ்வளவுதான்."

டாக்டருக்கு வந்த சந்தோஷம் கொஞ்சநஞ்சமல்ல. இதை மாமனாரிடம் சொன்னால் அவன் போட்டோ வாஷிங் மெஷினுக்கு மேலே போகும். ஆனால் தன்னுடையதும் அங்கேயேதான் இருக்கும். காலை நீட்டப் பார்த்தார், அது நீளவில்லை.

"ஏதாவது வழி இருக்கா?" என்று கேட்டார்.

இருந்தது. சாயங்காலம் காலி தண்ணீர் கேன்களை ஏற்றிக்கொண்டு ஒரு வேன் கீழே போகும். டிரைவர் வயசானவர், அந்த ஓட்டம் ஆரம்பித்த காலத்திலிருந்து அதே வேலை. சகலை போய்த் தயங்கித் தயங்கிக் கேட்டபோது அவர் காரணம்கூடக் கேட்கவில்லை. பாதியில் விட்டுப்போன ஒருவரின் நம்பரைச் சகலை நெஞ்சில் குத்திக்கொண்டான். இருவரும் கேன்களுக்கு நடுவே குந்திக்கொண்டு, வியர்வைக்குப் பதிலாக முகத்தில் தண்ணீர் தெளித்துக்கொண்டார்கள். இறங்கியதும் கைகோத்து ஓடிப்போய் எல்லைக்கோட்டைத் தொடுவது, இரண்டு போட்டோவும் கூடத்தில் இருப்பது என்று ஒப்பந்தமானது. வாழ்க்கையில் முதல் தடவையாகச் சகலையை டாக்டருக்குப் பிடித்திருந்தது.

எங்கே இறக்கிவிட என்று டிரைவரிடம் இவர்கள் சொல்லவே இல்லை. அவராகவே கடைசி வளைவுக்கு முன்னால், தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் மறைவாக நிறுத்தினார். இருவரும் பின்பக்கமாகக் குதித்துச் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு நிமிர்ந்தார்கள்.

எதிரே மாமனார் நின்றிருந்தார்.

வேனைப் பார்த்தார். நம்பர்களைப் பார்த்தார். சகலை கழற்ற மறந்த ஏப்ரனைப் பார்த்தார்.

"இந்தக் குடும்பத்துக்குன்னு ஒரு மானம் இருக்கு," என்று ஆரம்பித்தார். "அந்தக் கோப்பைக்குப் பக்கத்துல உங்க போட்டோவை மாட்டினேன் பாருங்க, என்னைச் சொல்லணும். இனிமே ரெண்டு பேரும் என் வீட்டுக் கூடத்துல…"

டாக்டர் தலையைக் குனிந்துகொண்டார். வேன் கதவு திறந்தது. டிரைவர் மெதுவாக இறங்கி வந்து, கண்ணைச் சுருக்கி மாமனாரை ஏற இறங்கப் பார்த்தார். அவர் முகம் விரிந்தது.

"பெரியவரே, நீங்களா! எத்தனை வருஷமாச்சு… இந்தத் தொட்டிக்குப் பின்னாடி எறக்கிவிட்டா யாருக்கும் தெரியாதுன்னு எனக்குச் சொல்லிக்குடுத்ததே நீங்கதானே?"