என் சந்தை ஞானமும் ஒரு கண்ணாடிக் கடையும்

இன்றோடு சரி. இனி என் ஆயுசில் பங்குச் சந்தைச் செய்தி பார்க்கப்போவதில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் கூடத்தின் நடுவே நின்று இப்படி அறிவித்தேன். சும்மா வாயால் மட்டும் இல்லை, டிவி பிளக்கையே பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டு அறிவித்தேன். இந்தப் பெட்டிக்காக என் மனைவியிடம் நான் வாங்கிய திட்டு கொஞ்சநஞ்சமல்ல. "அந்த நீலக்கோட்டுக்காரன் மூஞ்சியைப் பார்க்கிற நேரத்துல என் மூஞ்சியை ஒரு தடவை பார்த்திருக்கீங்களா?" என்பாள். கடந்த ஒரு வருடமாக என்னவோ திட்டு நின்றுபோயிருந்தது. அலுத்துப்போயிருக்கும் என்று விட்டுவிட்டேன். எப்படியும் இந்த அறிவிப்பைக் கேட்டு ஓடிவந்து ஆனந்தக் கண்ணீர் விடுவாள் என்று எதிர்பார்த்தேன்.

சமையலறையில் வெங்காயம் நறுக்கும் சத்தம் சட்டென்று நின்றது. கண்ணீரோடுதான் வந்தாள். அது வெங்காயக் கண்ணீர்.

"ஏங்க, உடம்புக்கு ஏதாவது பண்ணுதா?"

"உடம்புக்கென்ன? இப்பத்தான் மனசு தெளிஞ்சிருக்கு."

"திடீர்னு ஏன் இப்படி?"

"திடீர்னா? நான் வாங்கினா விழுது. வித்தா ஏறுது. மூணு வருஷமா அந்த மார்க்கெட் என்னை மட்டும் குறிவெச்சு அடிக்குது."

"சேச்சே, அதெல்லாம் இல்லை. உங்களுக்கு இருக்கிற அறிவு யாருக்கு வரும்?"

பிளக் என் கையிலிருந்து நழுவியது. கல்யாணமாகிப் பதினாறு வருடங்கள். 'அறிவு' என்ற சொல்லை அவள் என்னோடு சேர்த்துச் சொல்லி நான் கேட்டதில்லை. 'இருக்கா?' என்ற கேள்வியோடு சேர்த்துத்தான் கேட்டிருக்கிறேன்.

நான் பஸ் டிப்போவில் நேரம் குறிப்பவன். எந்த வண்டி எத்தனை மணிக்கு வந்தது, எத்தனை மணிக்குக் கிளம்பியது என்று எழுதுவதுதான் என் உத்தியோகம். மனைவி மூன்று தெரு தள்ளி ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கிறாள். மாடிவீட்டு அக்கா அதே கடையில் பில் போடுகிறார். இதுவரைக்கும் தெரிந்தால் போதும்.

மனைவி மாடிக்கு ஓடினாள். இரண்டே நிமிஷத்தில் அக்கா இறங்கி வந்தார். துக்கம் விசாரிக்க வந்தவர் மாதிரி முகம்.

"தம்பி, நான் கேள்விப்பட்டது நிஜமா? நியூஸ் பார்க்கிறதை விட்டுட்டீங்களாமே?"

"ஆமாங்கா. இனிமே நிம்மதி."

"உங்களுக்கு நிம்மதி தம்பி. நாங்க என்ன பண்றது? எங்க காசு பூரா ஷேர்லதானே கிடக்கு!"

நான் மனைவியைப் பார்த்தேன். அவள் தரையைப் பார்த்தாள்.

மெதுவாக விஷயம் வெளியே வந்தது. கண்ணாடிக் கடை முதலாளிக்கு வயதாகிவிட்டது. கடையைக் கைமாற்றிவிட்டு மகளோடு போய் இருக்கப்போகிறார். இந்த மாதம் கடைசி வெள்ளிக்கிழமைக்குள் விலையைக் கொண்டுவந்தால் கடை இவர்கள் இருவருக்கும்தான் என்று சொல்லியிருக்கிறார். தவறினால் பக்கத்தில் செல்போன் விற்பவர் வாங்கிக்கொள்வார். அவருக்குக் கண் பார்க்கிறவளும் வேண்டாம், பில் போடுகிறவரும் வேண்டாம். இரண்டு பேரும் நகையை விற்று, சம்பளத்தை மிச்சம் பிடித்து, ஒரு வருடமாகப் பங்குகளில் போட்டு வளர்த்திருக்கிறார்கள். இன்னும் கொஞ்சம் ஏறினால் கடை அவர்களுடையது.

"என்கிட்ட ஏன் சொல்லலை?"

"உங்களுக்கு ஏற்கெனவே எத்தனை கவலை! நீங்க பாட்டுக்குப் பாருங்க, பேசுங்க, வழக்கம்போல இருங்க. அதுவே எங்களுக்குப் பெரிய உதவி."

எனக்குப் புல்லரித்துவிட்டது. நான் காலை வேளைகளில் சுவரைப் பார்த்துப் பேசியதையெல்லாம் இரண்டு பெண்கள் காதில் வாங்கி ஒரு கடையையே வாங்கப்போகிறார்கள்! குனிந்து, கண் கலங்க, பிளக்கைத் திரும்பச் செருகினேன்.

அதற்குப் பிறகு எனக்கு நடந்த உபசாரம் இருக்கிறதே! டிவிக்கு எதிரே சாய்வு நாற்காலி வந்தது. கேட்காமலே டீ வந்தது. நான் ரிமோட்டைத் தேடினால் மூன்று கைகள் நீண்டன. அதில் ஒன்று என்னுடையது.

நானும் சொல்லிக்கொடுக்காமல் இல்லை. எங்கேயோ பெயர் தெரியாத கடலில் ஒரு கப்பல் திரும்ப முடியாமல் நிற்கிறது. உடனே எண்ணெய் விலை ஏறுகிறது. எண்ணெய் ஏறியதும் லாரி வாடகை ஏறுகிறது. லாரி ஏறியதும் எங்கள் தெரு முனையில் சோப்பு விலை ஏறுகிறது. அதே நாளில் சோப்புக் கம்பெனியின் பங்கு விழுகிறது! உலகத்தை இத்தனை நூல்கள் கட்டி இழுக்கின்றன என்று நினைத்தாலே எனக்குத் தலைகால் புரியாது. வாயைத் திறந்தபடி உட்கார்ந்திருப்பேன்.

நீலக்கோட்டு நிபுணர் அதைவிடப் பெரிய ஆச்சரியம். "சந்தை ஏறலாம், இறங்கலாம், இருக்கிற இடத்திலேயே இருக்கவும் செய்யலாம்" என்பார். மறுநாள் பார்த்தால் அவர் சொன்ன மூன்றில் ஒன்று அப்படியே நடந்திருக்கும். ஒரு நாள்கூடத் தப்பியதில்லை.

"என்னங்க, இன்னிக்கு நிலவரம் எப்படி?" என்பாள் மனைவி.

"வட்டியை ஏத்தப் போறாங்களாம். எல்லாம் போச்சு."

"அப்படியா?" என்பாள், முகமெல்லாம் சிரிப்பாக. கவலையைக் காட்டிக்கொள்ளாத அந்தத் தைரியத்தைக் கண்டு அசந்துபோவேன்.

இப்படி ராஜயோகம் நடந்துகொண்டிருந்தபோதுதான், கடைசி வாரம் செவ்வாய்க்கிழமை, என் கண்ணாடியின் இடது கால் கழன்றது.

மதியச் சாப்பாட்டு நேரத்தில் அதைக் கையில் பிடித்துக்கொண்டு மனைவியின் கடைக்குப் போனேன். கண்ணாடி இல்லாவிட்டால் எனக்கு எதிரே நிற்பது ஆளா அலமாரியா என்று தெரியாது. தடவித் தடவி ஒரு ஸ்டூலைக் கண்டுபிடித்து உட்கார்ந்தேன். அது ஃபிரேம் அடுக்கிய அலமாரிக்குப் பின்பக்கம் என்பது பிறகுதான் தெரிந்தது. முன்பக்கம் முதலாளியின் குரல் கேட்டது.

"மார்க்கெட் இப்படி ஆடுதேம்மா. பெரிய பெரிய ஆளெல்லாம் விட்டுட்டு ஓடறாங்க. நீங்க மட்டும் எப்படித் தப்பிச்சீங்க? யாராவது நிபுணரை வெச்சிருக்கீங்களா?"

நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். கண்ணாடியில்லாத முகத்தைக் கைக்குட்டையால் துடைத்துக்கொண்டேன். பெயர் சொல்லி அழைத்தால் எழுந்து கும்பிடத் தயாரானேன்.

"வீட்டுக்காரர்தான் சார்" என்றாள் என் மனைவி.

"பலே! அவர் சொல்ற மாதிரி செய்வீங்களா?"

"ஐயையோ! அவருக்கு நேர் எதிரா செய்வோம் சார். அவர் நடுங்கினா நாங்க வாங்குவோம். அவர் துள்ளினா வித்துடுவோம். ஒரு வருஷமா ஒரு தடவைகூடத் தப்பலை."

"தெய்வாதீனமா அமைஞ்சவர் சார்" என்றார் மாடிவீட்டு அக்கா, பக்தியோடு. "நடுவுல ஒரு நாள் நியூஸ் பார்க்கமாட்டேன்னுட்டார். எங்களுக்கு உயிரே போயிடுச்சு."

மூவரும் சிரித்தார்கள். நான் கழன்ற காலைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, எதிலும் இடிக்காமல் வெளியேறப் பார்த்து, வாசல் கதவில் மட்டும் இடித்துக்கொண்டு, டிப்போவுக்குப் போய்ச் சேர்ந்தேன். அன்று பிற்பகல் நான் குறித்த நேரங்களை நம்பி யாரும் பஸ் ஏறியிருக்கக்கூடாது.

கோபம் வந்தது. அழுகை வந்தது. கடைசியில் ஒரு யோசனை வந்தது.

சந்தை இந்த வாரம் மண்ணைக் கவ்வப்போகிறது. அதில் எனக்குக் கடுகளவும் சந்தேகம் இல்லை. எங்கோ இரண்டு நாடுகள் முறைத்துக்கொள்கின்றன, ஒரு பெரிய வங்கி தள்ளாடுகிறது, நீலக்கோட்டு நிபுணரே கோட்டைக் கழற்றிவிட்டுப் பேசுகிறார். நான் பயந்தால் இவர்கள் விற்கமாட்டார்கள். விற்காவிட்டால் கடையும் போகும், நகைக் காசும் போகும். ஆகவே நான் துள்ள வேண்டும். துள்ளினால் விற்பார்கள், பிழைப்பார்கள். வெள்ளிக்கிழமை நான் எழுந்து நின்று, "உங்களைக் காப்பாற்றியது யார் தெரியுமா?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்பேன். பழிக்குப் பழியும் ஆச்சு, குடும்பத்தைக் காத்த மாதிரியும் ஆச்சு.

புதன்கிழமை காலை, நூலால் கட்டிய கண்ணாடி வழியே பார்த்தால், டிவி முழுக்க ஒரே சிவப்பு. எனக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. பிய்த்தெடுத்துக்கொண்டு கத்தினேன்.

"அடி சக்கை! இனிமேதான் ஆட்டமே இருக்கு! ராக்கெட் மாதிரி ஏறப்போகுது!"

அக்கா மனைவியைப் பார்த்தார். மனைவி என்னைப் பார்த்தாள்.

"நிஜமாவாங்க? டிவியில எல்லாரும் அழறாங்களே?"

"அவங்க கிடக்கிறாங்க. இந்தச் சிவப்பெல்லாம் நமக்குச் சிவப்புக் கம்பளம்! கையில இருக்கிறதை விட்டுடாதீங்க."

"பயமா இல்லையா உங்களுக்கு?"

"பயமா? எனக்கா?"

ஒரு பாட்டுக்கூட முணுமுணுத்தேன். பிறகு குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்தி, குழாயைத் திறந்துவிட்டு, என்னிடம் மிச்சமிருந்த பங்குகளை ஒன்றுவிடாமல் விற்றுத் தள்ளினேன். என் பத்திரத்தையும் பார்க்க வேண்டுமல்லவா? அவசரத்தில் போனைத் தண்ணீர் வாளிக்குள் போட இருந்தேன். வெளியே வரும்போது பழையபடி சிரிப்பை மாட்டிக்கொண்டேன்.

மனைவி தன் போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "என்னங்க, தலையைத் துவட்டலையா?" என்றாள். குளிக்கவே மறந்துபோயிருந்தேன். "இன்னிக்குத் தலைக்கு வேண்டாம்னு விட்டுட்டேன்" என்று சமாளித்தேன்.

வியாழக்கிழமை இரண்டு நாடுகளும் கைகுலுக்கிக்கொண்டன. வெள்ளிக்கிழமை அந்த வங்கியை இன்னொரு வங்கி தூக்கி நிறுத்தியது. சந்தை ஏறியது. ஏறியது என்றால் சாதாரண ஏற்றமா? நீலக்கோட்டு நிபுணர் கோட்டை மறுபடி மாட்டிக்கொண்டு, "நான் அன்றைக்கே சொன்னேன்" என்றார். உண்மைதான். மூன்றில் ஒன்றாகச் சொல்லியிருந்தார்.

எனக்கு உலகம் இருண்டது. என் பங்கு போனது போகட்டும். அடிமட்ட விலையில் அவர்கள் விற்றிருப்பார்களே! என் துள்ளலைப் பார்த்துத்தானே விற்றிருப்பார்கள்! கடையைப் பறித்தவன் நானே. சாயங்காலம் அவள் வருவதற்குள் எப்படி மன்னிப்புக் கேட்பது என்று கண்ணாடி முன் நின்று மூன்று விதமாகப் பழகினேன். மூன்றிலும் அழுகை வந்தது.

கதவு திறந்தது. மனைவி வந்தாள், பின்னால் அக்கா. மனைவியின் கையில் ஒரு சாவிக்கொத்து.

"கடை நம்மளுது ஆயிடுச்சுங்க!"

"எப்படி?" என்று அலறினேன். "நான்தான் ஏறும்னு துள்ளினேனே! நீங்க எதிராத்தானே செய்வீங்க? வித்திருக்கணுமே!"

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று உறைத்தது. அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

"ஓ, தெரிஞ்சிடுச்சா?" என்றாள் மனைவி, கொஞ்சம்கூட அசராமல். "செவ்வாய்க்கிழமை எங்க கடைக் கதவுல முட்டிக்கிட்டு ஓடினது நீங்கதானா?"

"பேச்சை மாத்தாதே. நான் சொன்னது பொய்யின்னு எப்படிக் கண்டுபிடிச்சே?"

"உங்க பேச்சை யாருங்க கேட்டா? மூணு வருஷம் முந்தி நீங்க அந்த ஷேர் கணக்கு ஆரம்பிக்கிறப்ப உங்க போன் ரிப்பேர்ல இருந்துச்சு. என் நம்பரைத்தானே குடுத்தீங்க? நீங்க வாங்கினாலும் வித்தாலும் மெசேஜ் எனக்குத்தான் வருது. புதன்கிழமை நீங்க குளியலறையில இருந்தப்ப வரிசையா பதினோரு மெசேஜ். நீங்க விக்கிறீங்கன்னு தெரிஞ்சதும் மிச்சமிருந்த சம்பளக் காசையும் அப்பவே போட்டுட்டோம், ஏறினதும் எல்லாத்தையும் வித்துட்டோம்."

நான் உட்கார்ந்துவிட்டேன். உலகத்துக் கப்பல்களையும் வங்கிகளையும் பார்த்து வாய் பிளந்த எனக்கு, மூன்று வருடமாக ஒரே வீட்டில் இருந்த இந்த அதிசயம் கண்ணில் படவே இல்லை. கையெடுத்துக் கும்பிடத் தோன்றியது. கும்பிட்டும்விட்டேன்.

"இனிமே நான் இந்தப் பெட்டியைத் தொடமாட்டேன்" என்றேன்.

அவள் என் பக்கத்தில் உட்கார்ந்து, ரிமோட்டை எடுத்து என் கையில் வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிவிட்டாள்.

"அப்படியெல்லாம் விட்டுடாதீங்க. அந்த செல்போன் கடையும் விலைக்கு வருதாம்."